கையடக்க மின்னணு விளையாட்டும் மதிப்புரை நெறியும்

1. முன்னுரை

ஒரு படைப்புத் தோன்றுமாயின் அதனை மதிப்பிடும் உரையும் பின்னர்த் தோன்றுதல் உலகியல்பு. நூலுக்கு மதிப்புரை உண்டு. நாடகத்திற்கும் இசையரங்கிற்கும் திரைப்படத்திற்கும் உண்டு. வீடியோ விளையாட்டு என யாவரும் வழங்கும் மின்னணு விளையாட்டிற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மதிப்புரை எழுதப்பட்டு வருகின்றது. பெருநிறுவனங்கள் பல நூறு தொழிலாளரைக் கொண்டு ஆக்கும் விளையாட்டுகளுக்கு ஊதியம் பெற்று எழுதும் மதிப்புரைஞர் பலர் உளர். ஆயின், ஒருவரோ இருவரோ ஒரு சிலரோ கூடித் தம் சொந்த முயற்சியால் ஆக்கும் விளையாட்டுகள் வேறு. ‘இண்டி’ எனச் சுருக்கமாகக் குறிக்கப்பெறும் இத்தனிமுயற்சி விளையாட்டுகளை, அவற்றுள்ளும் கையில் ஏந்தும் சிறு கருவிக்கென ஆக்கப்பட்டவற்றை, எடுத்து ஆராய்வோர் பெரும்பாலும் பிறிதொரு தொழில் செய்து ஓய்வு நேரத்தில் ஊதியம் கருதாது எழுதுவோரே ஆவர்.

இவ்வெழுத்தைப் பொழுதுபோக்கு என்று கூறித் தள்ளிவிடுதல் எளிது. எனினும் அவ்வாறு தள்ளுதல் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. சிறு விளையாட்டுக்கு எழுதப்படும் மதிப்புரை, அதனை வாங்கலாமா வேண்டாவா என்னும் வினாவிற்கு விடை தருவதோடு நில்லாது, அவ்விளையாட்டு இருந்தது என்பதற்கே பலகால் தனிச்சான்றாக நின்றுவிடுகின்றது. ஆகலின் இதனை எழுதுவோர் விலைகூறும் தரகரினும் பதிவு செய்யும் வரலாற்றாளரையே பெரிதும் ஒத்தல் வேண்டும். இக்கருத்தினைப் பிளேடேட் என்னும் கையடக்கக் கருவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க முயல்வாம்.

2. மதிப்புரையின் தோற்றம்

மின்னணு விளையாட்டு மதிப்புரை பொழுதுபோக்காளரிடமே பிறந்தது என்பது ஈண்டு முதற்கண் அறியத்தக்கது. 1970களின் இறுதியில் அமெரிக்க நாட்டு ‘வீடியோ’ என்னும் இதழில் ‘ஆர்கேட் ஆலி’ என்ற பெயரால் ஒரு பகுதி தொடங்கப்பெற்றது. அதனை எழுதியோர் ஆர்னி கட்சு, பில் குங்கெல் என்னும் இருவர். பின்னர் 1981-இல் இவர்கள் ஜாய்ஸ் வொர்லி என்பாருடன் சேர்ந்து ‘எலக்ட்ரானிக் கேம்ஸ்’ என்ற தனி இதழையே தோற்றுவித்தனர். இவர்கள் அனைவரும் அறிபுனைக்கதை ஆர்வலர்கள் தமக்குள் அச்சிட்டுப் பரிமாறிக்கொண்ட சிற்றேடுகளில் எழுதிப் பழகியவர்கள். ஊதியமின்றி ஆர்வத்தால் எழுதும் வழக்கமே தொழில்முறை மதிப்புரைக்கு நாற்றங்காலாக அமைந்தது எனலாம்.

சப்பான் நாட்டில் 1986-இல் தொடங்கிய ‘பாமிட்சு’ இதழ் வேறொரு முறையை நிலைநாட்டியது. நால்வர் தனித்தனியே ஒரு விளையாட்டை ஆடிப் பத்துப் பத்து மதிப்பெண்ணிற்கு அளவிட, நாற்பதிற்கு இத்துணை எனக் கூட்டித் தருவதே அம்முறை. 2001-இல் தோன்றிய மெட்டாகிரிட்டிக் என்னும் இணையத் தொகுப்பு, பல இதழ்கள் தந்த மதிப்பெண்களைத் திரட்டி நூற்றுக்கு இத்துணை என ஒரே எண்ணாக்கிற்று. இவ்வாறு நீண்ட உரை குறுகி எண்ணாக மாறியதொரு போக்கினை இவ்வரலாற்றிற் காண்கின்றோம். அவ்வெண் பெருநிறுவனத்திற்கும் பெருங்கடைக்கும் பயன்படலாம். ஒரே ஒருவர் மட்டும் எடுத்தெழுதும் சிறு விளையாட்டுக்கோ அதனாற் பயன் மிகுதியும் இல்லை. சராசரி காண்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட எண் வேண்டுமன்றோ?

3. கருவியின் இயல்பு

மதிப்புரையின் நெறியை ஆராயுமுன் எடுத்துக்காட்டாகக் கொண்ட கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். அமெரிக்க நாட்டு ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரிலுள்ள பானிக் என்னும் நிறுவனம், சுவீடன் நாட்டு டீனேஜ் எஞ்சினியரிங் என்னும் வடிவமைப்பு நிறுவனத்தின் துணைகொண்டு, பிளேடேட் கருவியை ஆக்கியது. 2019-இல் அறிவிக்கப்பெற்று 2022 ஏப்பிரலில் வாங்குவோர் கைக்கு வந்து சேர்ந்தது. மஞ்சள் நிறத்தது; ஏறத்தாழச் சதுர வடிவினது; சட்டைப் பையில் அடங்குவது. அகலம் 76 மில்லிமீட்டர், உயரம் 74 மில்லிமீட்டர், தடிப்பு 9 மில்லிமீட்டர்.

இதன் திரை குறுக்கே 400 புள்ளிகளும் நெடுக்கே 240 புள்ளிகளும் உடையது. ஒவ்வொரு புள்ளியும் கருமை அல்லது வெண்மை என்னும் இரண்டனுள் ஒன்றாகவே இருத்தல் கூடும். இடைப்பட்ட சாம்பல் நிறமும் இல்லை. பின்னின்று ஒளிரும் விளக்கும் திரைக்கு இல்லை. ஆதலின் நூல் படிப்பார் போல வெயிலிலோ விளக்கடியிலோ அமர்ந்தே ஆடுதல் வேண்டும். திசைப்பொத்தானும் இரண்டு அழுத்துபொத்தான்களும் ஏனைய கருவிகளில் உள்ளன போன்றவையே. புதுவதாக அமைந்தது பக்கத்தே மடங்கியிருந்து இழுத்தால் வெளிவரும் ஒரு சுழல்பிடி. கையால் இயக்கும் தையற்பொறியின் பிடி போன்று இதனை முன்னும் பின்னும் சுழற்றலாம். எத்துணைக் கோணம் சுழன்றது என்பதைக் கருவி உணரும். கருவியைச் சாய்த்தலையும் அஃது உணர வல்லது.

கருவியை வாங்கியவர்க்கு ‘முதற் பருவம்’ என்ற பெயரால் இருபத்துநான்கு விளையாட்டுகள், வாரத்திற்கு இரண்டாகப் பன்னிரண்டு வாரங்கள், தனிவிலையின்றி வந்தடைந்தன. 2023 மார்ச்சில் ‘கேட்டலாக்’ என்னும் கடை கருவிக்குள்ளேயே திறக்கப்பெற்றது. 2025 மே மாத இறுதியில் இரண்டாம் பருவம் தொடங்கிற்று. இவையனைத்தினும் மதிப்புரைக்கு இன்றியமையாத செய்தி பிறிதொன்று உண்டு. இக்கருவிக்கு விளையாட்டு ஆக்குதற்குரிய மென்பொருட் கருவிகளைப் பானிக் நிறுவனம் விலையின்றி எவர்க்கும் அளிக்கின்றது. லூவா, சி என்னும் நிரல்மொழிகளில் எழுதலாம். நிரல் அறியாதார் ‘பல்ப்’ என்னும் எளிய கருவியால் உலாவியிலேயே ஆக்கலாம். ஆக்கியதை எவருடைய ஒப்புதலும் பெறாமல் எவரும் தம் கருவியில் ஏற்றிக்கொள்ளலாம். இதனால் இட்ச்.ஐஓ போன்ற தளங்களில் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் பெருகின. வாயில் காப்போன் இல்லாத இடத்தில் வழிகாட்டுவோன் வேண்டப்படுதல் இயல்பு. பொழுதுபோக்கு மதிப்புரைஞர்க்கு இடம் உண்டாயது இவ்வாறே.

4. கருவியிற் பிறக்கும் அளவுகோல்

ஒரு படைப்பை எதனோடு ஒப்பிட்டு அளத்தல் வேண்டும் என்பது திறனாய்வின் முதல் வினா. வெண்பாவைக் காப்பியத்தின் நீளமின்மை கூறிப் பழித்தல் தகாது. நான்கடியுள் அது செய்ய வல்லதைச் செய்ததா என்றே நோக்குதல் முறை. அதுபோலக் கருமையும் வெண்மையுமே உடைய சிறு திரையின் விளையாட்டைப் பெருந்திரை விளையாட்டின் வண்ணம் இல்லையென்று குறை கூறுதல் பயனற்ற உரை. கருவியின் வரம்பு எல்லார்க்கும் பொது. அவ்வரம்பினுள் ஆக்கியோர் கண்ட வழியே அவர்க்கு உரியது. மதிப்பிடத்தக்கது பின்னதே.

சுழல்பிடியைக் கொண்டு இதனை விளக்குவாம். இப்பிடியைப் பயன்படுத்தும் விளையாட்டுகளை மூவகையாகப் பகுத்துக் காணலாம். பிடியை நீக்கினும் குறைவுபடாதன ஒருவகை. பட்டியலை மேலும் கீழும் நகர்த்துதற்கு மட்டும் பிடியை ஆள்வன இத்தகையன. பிடியை உலகிற் காணும் ஒரு பொருளுக்கு ஈடாகக் கொள்வன இரண்டாம் வகை. பிடியின் இயக்கமே விளையாட்டின் கருவாக அமைவன மூன்றாம் வகை.

முதற் பருவத்தைச் சேர்ந்த ‘கேசுவல் பேர்டர்’ இரண்டாம் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. இதில் ஆடுவோர் ஊர் சுற்றிப் பறவைகளைப் படம் பிடிக்கின்றனர். பிடியைச் சுழற்றப் படக்கருவியின் குவியம் தெளிவு பெறுகின்றது. படக்கருவி ஆளும் கையின் தொழிலும் ஆடுவோர் கையின் தொழிலும் ஒன்றாகின்றன. ‘ராச்சட்டியர்’ என்னும் விளையாட்டில் இருள் சூழ்ந்த வழியில் ஏந்திய விளக்கிற்குப் பிடியைச் சுழற்றியே ஆற்றல் ஊட்டல் வேண்டும். கருநிறத் திரை ஈண்டு குறையாகாது இருளாகவே பயன்படுகின்றது.

‘பேப்பர்சு, பிளீசு’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டை 2013-இல் ஆக்கிய லூக்காசு போப் என்பார், இக்கருவிக்கென ‘மார்சு ஆப்டர் மிட்நைட்’ என்பதை 2024 மார்ச்சில் வெளியிட்டார். செவ்வாய்க் கோளில் நள்ளிரவிற் கூடும் ஆறுதல் மன்றமொன்றினை நடத்துவதே இதிலுள்ள வேலை. கதவைத் தட்டுவோர் யாரெனப் பிடியைச் சுழற்றிக் கதவின் துளைமூடியைத் திறந்து நோக்கி, அன்றைய கூட்டத்திற்கு உரியாரை மட்டும் உள்ளே விடுதல் வேண்டும். திறக்கும் வேகத்தை ஆடுவோர் கையே உறுதி செய்தலின், யார் நிற்கின்றார் என்னும் ஐயமும் நகையும் அவர் கையிலேயே பிறக்கின்றன.

மூன்றாம் வகைக்குத் தலைசிறந்த சான்று ‘கிராங்கின்சு டைம் டிராவல் அட்வெஞ்சர்’ என்பது. ‘கட்டமாரி டமாசி’ என்னும் விளையாட்டை 2004-இல் வடிவமைத்த கெய்த்தா தக்கஹாசி இதன் ஆக்கத்திற் பங்கு கொண்டவர். இதன் தலைவன் தன் காதலியைக் காணச் செல்கின்றான். எப்போதும் காலந்தாழ்த்தே செல்கின்றான். பிடியை முன்னே சுழற்றினால் அவன் காலம் முன்னே செல்லும். பின்னே சுழற்றினால் பின்னே செல்லும். ஆயின் அவனை எதிர்வரும் வண்ணத்துப்பூச்சி முதலியன ஆடுவோர் பிடிக்குக் கட்டுப்படா; தம் போக்கிலேயே வரும். வழியில் அவன் குனிந்து மலர் முகரும் அக்கணத்தில் அவனை நிறுத்திவைத்தால் பூச்சி அவன் தலைக்கு மேலே பறந்து போகும். பொத்தானால் இதனை ஆட முயன்றால் விளையாட்டே இல்லாதொழியும். இவ்வேறுபாட்டைச் சொல்லாது ‘நன்று’ என்றோ ‘தீது’ என்றோ மட்டும் கூறும் உரை, படிப்போர்க்கு ஒன்றும் கூறாத உரையேயாம்.

5. விவரித்தலின் முதன்மை

நன்னூல் ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எவ்வெவற்றைக் கூறல் வேண்டும் என வகுத்துள்ளது. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், அதன் அமைப்பு, கூறும் பொருள், கேட்டற்குரியார், பயன் என்பனவும், காலம், அரங்கேறிய களம், காரணம் என்பனவும் ஆகப் பதினொன்று அங்குக் கூறப்பெறும். இவற்றுள் ‘நன்று’, ‘தீது’ என்னும் தீர்ப்பு ஒன்றும் இல்லாமை நோக்கத்தக்கது. முதலில் பொருளை உள்ளவாறு அறிவித்தல் வேண்டும் என்பது பண்டையோர் கொள்கை.

இன்றைய சிறு விளையாட்டு மதிப்புரைக்கும் இது முற்றும் பொருந்தும். ஆக்கியவர் யாவர், இசையமைத்தவர் வேறாயின் அவர் யாவர், எம்முன்னை விளையாட்டின் வழியில் வந்தது, ஆடுவோர் செய்யும் தொழில் யாது, எவ்வளவு நேரம் நீடிக்கும், எத்தகையார்க்கு ஏற்றது, எந்நாளில், எங்கு, என்ன விலைக்கு வெளிவந்தது என்பனவெல்லாம் உரையின் முற்பகுதியில் இடம்பெறல் வேண்டும். இக்காலத்திற்கே உரிய ஒன்றையும் இவற்றோடு கூட்டிக்கொள்ளல் நன்று. மின்னணு விளையாட்டு அச்சிட்ட நூல் போன்றதன்று. ஆக்கியோர் குறைகண்டவிடத்துத் திருத்தி அடுத்த பதிப்பை வெளியிடுவர். முன்னைப் பதிப்பு ஆடுவோர் கருவியினின்று மறைந்துவிடும். ஆதலின் எப்பதிப்பை ஆடி எழுதியது என்பதை எண்ணிட்டுக் குறித்தல் இன்றியமையாதது. அவ்வாறு குறியாதவிடத்து, திருத்தப்பட்ட ஒரு குறைக்காக ஆக்கியோர் நெடுங்காலம் பழி சுமக்க நேரும்.

ஆடிய கருவி எது என்பதும் கூறற்பாலது. பிளேடேட்டிற்கு ஆக்கப்பட்ட விளையாட்டுகளைக் கணினியிற் போலியாக இயக்கிக் காட்டும் மென்பொருள் உண்டு. அதனால் கருவி இல்லாதாரும் விளையாட்டைக் காணவியலும். எனினும் சுழல்பிடியைக் கையாற் சுற்றுதலும் சுட்டியால் நகர்த்துதலும் ஒன்றல்ல. கணினித் திரையின் ஒளியும் கருவித்திரையின் ஒளியின்மையும் ஒன்றல்ல. கணினியில் மட்டும் ஆடியவர் அதனை மறைத்து எழுதின், நாடகத்தைப் படித்தவர் பார்த்ததாக எழுதியதனோடு அஃது ஒக்கும்.

இவ்விவரிப்பிற்கு ஓர் எல்லையும் உண்டு. எதிர்பாராத திருப்பத்தாற் சிறக்கும் விளையாட்டில் அத்திருப்பத்தை வெளிப்படுத்துதல் படிப்போர்க்குரிய இன்பத்தைக் கவர்தலாகும். முதற் பருவத்து விளையாட்டுகளை ஒருங்கே தாராது வாரந்தோறும் அனுப்பியமையே அவ்வியப்பைக் காத்தற்பொருட்டு. ஆகவே தொழிலை விரித்துரைத்துத் திருப்பத்தை மறைத்தல் நெறி; திருப்பத்தையும் ஆராய வேண்டுமாயின் அப்பகுதியைத் தனியே பிரித்து முன்னறிவிப்புச் செய்தல் வேண்டும்.

6. காலம் என்னும் செல்வம்

ஊதியம் பெறும் மதிப்புரைஞர்க்குக் குறித்த நாள் உண்டு. விளையாட்டு வெளிவரும் நாளிலேயே உரையும் வெளிவரல் வேண்டும். பொழுதுபோக்காக எழுதுவோர்க்கு அக்கட்டு இல்லை. இவர்தம் முதற்பெருஞ் செல்வம் இக்காலவுரிமையே. ‘புளூம்’ என்னும் விளையாட்டை நோக்குக. பூக்கடை நடத்தும் ஒருத்தியின் கதை இது. இதில் நட்ட செடி உண்மையான நாழிகைக் கணக்கிலேயே வளர்கின்றது. ஆடுவோர் நாளும் சிலமுறை திறந்து பார்த்து மூடிவைத்தல் வேண்டும். ஒரே மாலையில் ஆடி முடித்து எழுத எண்ணுவார்க்கு இது வெறுமையாகத் தோன்றும். பல நாள் உடன் வாழ்ந்தார்க்கே இதன் பொறுமை புலனாகும். இரண்டாம் பருவத்தில் இடம்பெற்ற ‘பிளிப்போ பிளசு’ என்பது வேற்றுலகத் தொலைக்காட்சி போன்று வாரந்தோறும் புதிய நிகழ்ச்சிகளைத் தந்தது. இத்தகையவற்றிற்கு முதல் நாளில் எழுதும் தீர்ப்பு, நெல்லை முளையிற் கண்டு விளைச்சல் கூறுதலை ஒக்கும்.

இதற்கு மறுதலையான குறையையும் நீண்ட பழக்கமே காட்டும். நூற்குற்றம் பத்தனுள் ‘சென்று தேய்ந்து இறுதல்’ என ஒன்றனை நன்னூலார் வைத்தார். தொடக்கத்திற் பொலிந்து வரவர மெலிந்து முடியும் இக்குற்றம் தனிமுயற்சி விளையாட்டில் மிகுதியும் காணப்படுவது. ஒருவரே ஆக்கும்போது முதற் கட்டங்களில் செலவிட்ட உழைப்பு இறுதிவரை நீடித்தல் அரிது. முதல் அரைமணி ஆடி எழுதுவோர் இதனை ஒருகாலும் அறியார். ஆகலின், எவ்வளவு ஆடினேம், முடித்தோமா இல்லையா என்பதனை ஒரு தொடரிலேனும் கூறிவிடுதல் நேர்மை.

7. மதிப்பெண் வேண்டுமா?

பத்திற்கு இத்துணை என்னும் எண் படிப்போர்க்கு எளிமை தருவது உண்மை. எனினும் சிறு விளையாட்டிற்கு அதனால் விளையும் தீங்கு பெரிது. பெரிய விளையாட்டொன்றிற்கு நூறு பேர் எண் இடுவர். ஒருவரது பிழை ஏனையோரால் நேர்படும். சிறு விளையாட்டிற்கோ இடப்படும் எண் ஒன்றேயாதலும் கூடும். அவ்வெண்ணைத் தாங்கும் தூண் வேறில்லை. மேலும், இரண்டு மணி நேரத்தில் முடியும் தெளிந்த விளையாட்டிற்கும், இருபது மணி நேரம் நீளும் கலங்கிய விளையாட்டிற்கும் ஏழு என ஒரே எண் இடின், அவ்விரண்டும் ஒத்தன என்னும் பொய்ம்மை தோன்றும்.

எண்ணுக்கு மாற்றாக மூன்று வினாக்களை அமைத்துக்கொள்ளலாம். ஆக்கியோர் செய்யக் கருதியது யாது? அதனைச் செய்தனரா? அது செய்யத்தக்கதா? முதல் வினாவிற்கு விவரிப்பும், இரண்டாவதற்குச் சான்றும், மூன்றாவதற்கு மதிப்புரைஞரின் சொந்தச் சுவையும் விடையாகும். மூன்றையும் குழப்பாது வேறு வேறாக வைப்பின், மதிப்புரைஞரின் சுவையோடு உடன்படாத ஒருவரும் முதலிரு விடைகளால் பயன் பெறுவர். தம் சுவைக்கு மாறுபட்டார்க்கும் பயன்படுவதே நல்ல மதிப்புரை என்க.

8. நட்பும் நடுவுநிலையும்

பொழுதுபோக்கு மதிப்புரையின் கடினமான பகுதி இதுவே. பெருநிறுவன விளையாட்டை எழுதுவோர்க்கு அதனை ஆக்கியோர் முகம் தெரியாது. சிறு கருவியைச் சூழ்ந்த கூட்டமோ சிறியது. ஆக்குவோரும் ஆடுவோரும் எழுதுவோரும் ஒரே மன்றத்தில் உரையாடுவர். இன்று எழுதுவோர் நாளை ஆக்குவோரும் ஆவர். ஆக்கியோர் தம் விளையாட்டின் படியை விலையின்றி அனுப்பி எழுதுமாறு வேண்டுதலும் உண்டு. ஊதியம் இல்லாமையால் சார்பும் இல்லை என்று கூறிவிட இயலாது. பொருளினும் நட்பே நாவைப் பெரிதும் கட்டுவது.

நம் பழைய மரபு இவ்விடத்து ஓர் அரிய விளக்கம் தருகின்றது. தன்னைத் தானே புகழ்தல் தகாது என விலக்கிய நன்னூல், சிறப்புப் பாயிரம் செய்தற்குரியார் இன்னார் என்கின்றது: ஆக்கியோனுடைய ஆசிரியர், உடன் கற்றார், மாணாக்கர், தகுதியுடைய உரையாசிரியர் என நால்வர். இந்நால்வருமே ஆக்கியோனுக்கோ நூலுக்கோ அணுக்கமானவர். அணுக்கம் அறிவைத் தரும் என்பதனால் அவர் உரிமை பெற்றனர். ஆயின் அவர்க்கு உரியது அறிமுகம்; நடுவர் தீர்ப்பன்று. இன்றைய மதிப்புரைஞர் ஒருவரே இவ்விரு தொழிலையும் மேற்கொள்கின்றார். அறிமுகத்திற்கு அணுக்கம் துணை. தீர்ப்பிற்கு அதுவே தடை. இத்தடையை நீக்குதற்குரிய வழி, அணுக்கத்தை மறையாது உரையின் தலைப்பிலேயே வெளியிடுதல். அமெரிக்கக் கூட்டரசு வாணிக ஆணையமும் 2009-இல் திருத்திய தன் வழிகாட்டு நெறிகளில், பொருளை விலையின்றிப் பெற்று அதனைப் பற்றி இணையத்தில் எழுதுவோர் அத்தொடர்பை வெளிப்படுத்தல் வேண்டும் எனக் கூறியது. சட்டம் வற்புறுத்துவதன் முன்னரே அறம் வற்புறுத்தும் செய்தி இது.

மற்றொரு வினாவும் எழுகின்றது. ஒருவர் ஓராண்டு உழைத்து ஆக்கிய சிறு விளையாட்டு நன்றாக அமையவில்லை. அதனைப் பற்றி எவரும் எழுதவுமில்லை. முதல் உரையே பழிப்புரையாக இருத்தல் தகுமா? எழுதாது விடுதலே அன்பு என்பர் சிலர். அது முற்றும் சரியன்று. எழுதாது விடப்பட்ட படைப்பு, பழிக்கப்பட்ட படைப்பினும் விரைவில் மறையும். குறையை அதன் காரணத்தோடும் இடத்தோடும் சுட்டி, ஆக்கியோரை விடுத்து ஆக்கத்தையே ஆராயும் உரை அவர்க்கு உதவியே ஆகும். ‘மூன்றாம் கட்டத்தில் சுழல்பிடியை விரைந்து சுற்றவேண்டியிருத்தலின் கருவி கையில் நழுவுகின்றது’ என்பது திருத்தத்திற்கு வழி காட்டும். ‘சலிப்பூட்டுகின்றது’ என்பது புண்படுத்துவதன்றி வேறொன்றும் செய்யாது. அதுபோன்றே இரக்கத்தாற் பிறக்கும் பொய்ப்புகழும் தீது. அது படிப்போர் பணத்தையும் நேரத்தையும் பிறர்க்கு ஈகையாக வழங்குவது.

9. அழிவும் பதிவும்

இனி, இக்கட்டுரையின் தொடக்கத்திற் கூறிய துணிபிற்குக் காரணம் காட்டுவாம். ஓலைச்சுவடி செல்லரித்து அழிந்தது. படியெடுப்பார் இல்லாத நூல் பெயரளவில் எஞ்சியது. உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டியதனால் மட்டுமே நாம் அறியும் பழந்தமிழ் நூல்கள் பல என்பதனைத் தமிழ் ஆராய்வோர் நன்கறிவர். மின்னணு விளையாட்டின் அழிவு அதனினும் விரைவானது. ஏனெனில் அது தானாகவே கெடுவதன்று; கடை அடைக்கப்பட்ட நாளிலேயே கெடுவது.

கையடக்கக் கருவிகளின் வரலாறு இதற்குச் சான்று. சோனி நிறுவனம் தன் வீட்டா முதலிய கருவிகளில் சிறு ஆக்குவோரும் விளையாட்டு வெளியிடுதற்கென 2012-இல் ‘பிளேஸ்டேசன் மொபைல்’ என்னும் களத்தைத் திறந்தது. 2015-இல் அது மூடப்பெற்றது. அதற்கென்றே ஆக்கப்பட்ட விளையாட்டுகளை அதன்பின் வாங்குதலோ மீளப் பெறுதலோ இயலாதாயிற்று. நிண்டெண்டோ நிறுவனம் 3டிஎசு என்னும் தன் கையடக்கக் கருவியின் இணையக் கடையில் விற்பனையை 2023 மார்ச் 27-ஆம் நாளோடு நிறுத்தியது. பேழையில் அடைத்து விற்கப்படாது அக்கடையில் மட்டும் கிடைத்த விளையாட்டுகளைப் புதிதாக வாங்கும் வழி அன்றோடு அடைபட்டது. அமெரிக்காவிலுள்ள வீடியோ விளையாட்டு வரலாற்று அறநிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு எண்பத்தேழு கடைகளிற் கிடைப்பதில்லை எனக் காட்டிற்று. கேம் பாய் வகைக் கையடக்கக் கருவிகளின் விளையாட்டுகளுள் கிடைப்பன நூற்றுக்கு ஆறினும் குறைவு.

புகழ்பெற்ற நிறுவனங்களின் ஆக்கங்களுக்கே இந்நிலை என்றால், ஒருவர் ஓய்வு நேரத்தில் ஆக்கிப் பலர்க்கு இலவசமாக வழங்கிய சிறு விளையாட்டின் நிலை என்னாகும்? ஆக்கியவர் தளத்தை மூடிவிடலாம், கோப்பை நீக்கிவிடலாம், கருவியின் மின்கலம் பழுதுபடலாம். அந்நாளில் அவ்விளையாட்டினைப் பற்றி வினவுவார்க்கு விடை தருவது, யாரோ ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் அமர்ந்து, ஆக்கியோர் பெயரும் ஆண்டும் பதிப்பும் ஆடும் முறையும் குறித்து எழுதிவைத்த இரண்டு பக்க உரையேயாகும். மதிப்பெண் மட்டும் எஞ்சுமாயின், இல்லாத ஒன்று ஏழு பெற்றது என்பதனால் யார்க்கு என்ன பயன்? விவரிப்பு எஞ்சுமாயின், படைப்பின் நிழலேனும் எஞ்சும்.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். மின்னணு விளையாட்டு மதிப்புரை ஆர்வலரிடத்துப் பிறந்தது; சிறு விளையாட்டுகளைப் பொறுத்தவரை இன்றும் அவரிடத்தே வாழ்கின்றது. படைப்பை அளக்கும் கோல் அப்படைப்பின் கருவியிலிருந்தே பெறப்படல் வேண்டும். விவரித்தல் முன்னும் தீர்ப்பளித்தல் பின்னும் நிற்றல் முறை. நேரமும் தேர்வுரிமையும் பொழுதுபோக்காளரின் செல்வம். நட்பும் இரக்கமும் அவர் விழிப்பாயிருக்க வேண்டிய இடம். மதிப்பெண் ஒருநாட்குப் பயன்படும். உள்ளதை உள்ளவாறு எழுதிய உரை நெடுநாட்குப் பயன்படும்.

கருவி சிறிது; விளையாட்டும் சிறிது; அதனைப் பற்றிய உரையும் சிறிதாகவே இருக்கலாம். எனினும் அவ்வுரை இரண்டு வகைப் படிப்போரை முன்னிறுத்தி எழுதப்படுதல் வேண்டும். ஒருவர், இன்று அவ்விளையாட்டை வாங்க எண்ணுபவர். மற்றொருவர், அவ்விளையாட்டு எங்கும் கிடையாத ஒரு நாளில் அஃது எத்தகையது என அறிய விழைபவர். பின்னவரை மறவாது எழுதுவோர் முன்னவர்க்கும் குறைவற உதவியவராவர்.